சென்னியப்பன் டீ குடிக்கப் போன நேரம்

“ட்ரா வெச்சுக்கலாமுங்களா அம்மிணி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் டீ குடிக்கப் போய்விட்டார் சென்னியப்பன். போகிற போக்கில் தன் ஸ்கோர் ஷீட்டில் ஆளுக்கு அரைப் புள்ளி என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, நான் கையெழுத்துப் போட வசதியாக என் பக்கம் தள்ளியும் வைத்துவிட்டார். கீழே கோகிலவாணி என்று நான் எழுதினால் வேலை முடிந்தது. மின்வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், எந்தக் கோப்பையும் நிலுவையில் வைத்துப் பழக்கமில்லை போல. என் கடிகாரத்தில் இருபத்து நான்கு நிமிடம் இருக்கிறது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று நான் வாயால் சொல்ல வேண்டும், இல்லை ஏதாவது ஒரு காயைத் தொட வேண்டும், அதுவரை ட்ரா உயிரோடு இருக்கும். எடுத்துக்கொண்டால் அரைப் புள்ளி, பெண்களுக்கான கோப்பை எனக்கு. அது மேடையில் நீல ரிப்பன் கட்டி நிற்கிறது, மற்றக் கோப்பைகளைவிட ஒரு சாண் குட்டை. ஜெயித்தால் மாவட்டத்தில் நாலாவது இடம். முதல் நாலு பேர்தான் மாநிலப் போட்டிக்கு ஈரோட்டு அணியாகப் போவார்கள், ஆண் பெண் என்று பிரிக்காத பொது அணி. எனக்குத் தெரிந்து அந்த நாலில் ஒரு பெண் போனதில்லை. தோற்றால் இரண்டும் இல்லை. இருபத்து இரண்டாவது மேசையில் இருக்கும் காலேஜ் பெண் என்னைவிட அரைப் புள்ளிதான் பின்னால், அவள் ஜெயிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். முந்தைய சுற்றில் அவளை நான் ஜெயித்திருப்பதால் புள்ளி சமமானால் கோப்பை எனக்கு, நான் தோற்றால் அவளுக்குப் போய்விடும். நான் வெறும் கையோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

பலகையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ராணிகள் போய் ஒன்றரை மணி நேரமாகிறது. வருடா வருடம் மகளிர் தினத்துக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை மேடையேற்றுவார்கள், வருகிற தலைவர் தவறாமல் சொல்வார், சதுரங்கத்திலேயே பலம் யாருக்கு, ராணிக்கு, பாருங்கள் பெண்ணுக்குக் கொடுத்த மரியாதையை என்று. கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன், மாலை போட்டுவிட்டார்களே. அந்த ராணி அலைவது முழுக்க ராஜாவைக் காப்பாற்றத்தான் என்றும், அவள் செத்தால் ஆட்டம் நிற்காது என்றும் மைக்கைப் பிடித்துச் சொல்ல ஒருநாள் தைரியம் வர வேண்டும். இப்போது அவருக்கு ஒரு ராஜா, எனக்கு ஒரு ராஜா, ஆளுக்கு மூன்று சிப்பாய். என் ராஜா இடது பக்கம் போய் அவர் சிப்பாய்களைத் தின்றுவிட்டு என் சிப்பாய்க்கு வழி விட்டால் அது கடைசிக் கட்டம் போய் ராணியாகும். நான் போன பிறகு அவர் சும்மா இருப்பாரா, வலது பக்கம் வந்து என்னுடையதைத் தின்றுவிட்டு அவர் சிப்பாயை ஓட்டுவார். ஓட்டப் பந்தயம்தான். எண்ணிப் பார்த்துவிட்டேன். எனக்கு ஒன்பது மூவ். அவருக்கு ஒன்பது மூவ். மறுபடி எண்ணினாலும் அதே ஒன்பது, அதே ஒன்பது, அவர் ராணி ஒரு மூச்சு முன்னால் பிறக்கிறது, அடுத்த மூச்சில் என்னுடையது. அப்புறம் இரண்டு ராணிகளும் வெட்டவெளியில் நிற்கும், யார் முதலில் நடுங்குகிறாரோ அவர் போவார். நடுங்குவது யார் என்பதில் இந்த மண்டபத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எனக்கே பெரிய சந்தேகம் இல்லை. கை தானாகப் போய் ஏதாவது ஒரு காயைச் சரி பண்ணித் தொலைக்கும் என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய ஓரத்துச் சிப்பாய் கட்டத்தின் நடுவில் இல்லாமல் கோட்டில் நிற்கிறது, அது வேறு கண்ணை உறுத்துகிறது. மேலே ஃபேன் சுற்றுகிறது. மத்தியானச் சாம்பாரின் பெருங்காய வாசனை இன்னும் போகவில்லை.

இருபத்து இரண்டு நிமிடம். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் இந்நேரம் ராஜாவைத் தூக்கி நடந்திருப்பேன். காலையிலேயே என்னைப் பார்த்து, எத்தனை குழந்தைங்க, ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க, சாப்புட்டாச்சுங்களா என்றெல்லாம் விசாரித்தார். ட்ராவும் அந்த மாதிரி ஒரு நல்ல மனசில் கேட்டதுதான். எழுந்தபோது குனிந்து ரகசியமாகச் சொன்னார், “உங்குளுக்கு லேடீஸ் கப்பு வந்துரும் அம்மிணி, எனக்கும் ரேட்டிங் போகாது, ரெண்டு பேருத்துக்கும் நல்லது.” உண்மைதான். எல்லோருக்கும் நல்லது. எனக்கு நல்லது எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காலையில் கிளம்பும்போது இவர்கூட, என் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம், வண்டியைத் துடைத்துக்கொண்டே, “போயி ஆடிட்டு வா, தோத்துப்போட்டா என்ன, தலையா போவுது” என்றார். அன்பாகத்தான் சொன்னார். தன் பெயிண்ட் கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் எம்பட ஊட்டுக்காரி செஸ் ஆடுறா என்று சொல்கிற மனிதர். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் ஷட்டில் ஆடப் போனபோது இதே வாய்தான், “கெலிச்சுட்டு வாடா” என்று கத்தியது. எனக்கு இத்தனை வருடத்தில் கெலிச்சுட்டு வா என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? யோசித்துப் பார்க்கிறேன். ஒருத்தரும் இல்லை. தோற்றால் பரவாயில்லை என்று எத்தனை பேர். தோற்றால் எனக்குப் பரவாயில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லையே, பரவும், தோற்றால் எனக்கு மூன்று நாள் தூக்கம் வராது, குளிக்கும்போது அழுகை வரும்.

அன்றைக்கு அழவில்லை. அன்றைக்கு எனக்குப் பதினேழு. கோபியில் ஒரு போட்டி, கடைசி ஆட்டம், என் எதிரில் பேங்க்கில் வேலை செய்கிற ஒருவர். என்னிடம் ஒரு யானை அதிகம். அந்த ஆள் தலையை நிமிர்த்தினார், என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற அப்பாவிடம், “ஏனுங்க, ட்ரா வெச்சுக்கலாமுங்களா, பாப்பாவுக்கும் நேரமாச்சு” என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் பேசுவது மாதிரி. அப்பா வாட்சைப் பார்த்தார், “வெச்சுக்கலாமுங்க, இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போகோணும்” என்றார். நான் கை கொடுத்தேன். ஒரு யானை அதிகமாக வைத்துக்கொண்டு கை கொடுத்தேன். பஸ்ஸில் அப்பா நிலக்கடலை வாங்கிக் கொடுத்தார், தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. அப்பா மேல் எனக்குக் கோபம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோபம் அப்பா மேல் இல்லை. கேட்டது அப்பாவிடம் என்றாலும் கை என்னுடையதுதானே, அதை நீட்டியது நான்தானே. நீட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், கடைசி பஸ் போயிருக்கும், அப்பா திட்டியிருப்பார், அவ்வளவுதானே. இல்லை, அவ்வளவுதான் என்று இப்போது சொல்வது சுலபம். பதினேழு வயதில் கடைசி பஸ் பெரிய விஷயம். இன்றைக்கு எந்த பஸ்? எட்டரை வரைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. பஸ்ஸை இதில் இழுக்காதே கோகிலா.

பதினெட்டு நிமிடம். பெண்களால் தூரமாக யோசிக்க முடியாது என்று நேற்றுச் சாப்பிடும்போது ஒருவர் பேசிக்கொண்டிருந்தார், மூளை அமைப்பே அப்படி என்றார், எங்கோ படித்தாராம். மோர் ஊற்றிக்கொண்டே கேட்டேன். வெள்ளிக்கிழமை நாத்தனார் வருகிறாள் என்றால் வியாழக்கிழமை மாவு புளிக்க வேண்டும், வியாழக்கிழமை எங்கள் தெருவில் மாதாந்திரக் கரண்ட் கட், அதனால் புதன்கிழமையே ஆட்ட வேண்டும், புதன்கிழமை எனக்கு இரண்டு வகுப்பு, அதனால் அரிசியைக் காலையிலேயே ஊறப் போட வேண்டும், இத்தனையும் செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போதே என் தலையில் முடிந்துவிடுகிறது. இது யோசனை இல்லையாம், பழக்கமாம். அவர் யானையை இரண்டு கட்டம் நகர்த்தினால் அது யோசனை. அதே ஆள் அடுத்த வாயில், பொம்பளைங்க பயந்து பயந்து ஆடுவாங்க என்றார், அதற்கடுத்த வாயில், உணர்ச்சிவசப்பட்டு சட்டுனு பாஞ்சுருவாங்க என்றார். இரண்டில் எது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, ரசம் வேணுமா என்று கேட்டேன். எனக்கே என் மேல் எரிச்சல் வருகிற இடங்கள் இவைதான். வாய் இருக்கிறது, அதில் சொல் இருக்கிறது, வெளியே வரும்போது ரசமாகிவிடுகிறது.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு. இருக்கட்டுங்க என்பேன், பார்க்கலாமுங்க என்பேன், அவரைக் கேட்டுச் சொல்றனுங்க என்பேன். சம்பத் நகரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே எனக்கு ஒரு வகுப்பறை, இருபது குழந்தைகள். எட்டு வயது வரைக்கும் மிஸ், அதற்குப் பிறகு சார், இது ஈரோட்டில் எழுதாத சட்டம். காயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதிலிருந்து நான் சொல்லிக் கொடுப்பேன், மூக்கைத் துடைத்துவிடுவேன், பையன் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வந்ததும் அம்மாக்காரி சிரித்துக்கொண்டே வருவாள், “தப்பா நெனைச்சுக்காதீங்க மிஸ், இனி கொஞ்சம் சீரியஸா ஒரு சார்கிட்ட…” என்று. தாராளமா அனுப்புங்க என்பேன். இதுவரை ஏழு பேர். அந்த சார்களில் இருவரை நான் இந்தப் போட்டியிலேயே ஜெயித்திருக்கிறேன். இந்தப் புலம்பலையெல்லாம் எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும், ராத்திரி படுத்தால் இதுதான் ஜெபம். ஆனால் இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் ஒரு இடத்தில் வந்து நெஞ்சு தட்டி நிற்கும், இப்போதும் நிற்கிறது, அந்தச் சிவப்புப் புத்தகம்.

அதை நினைக்காமல் எண்ணிப் பார்க்கலாம். எனக்கு ஒன்பது, அவருக்கு ஒன்பது. சிவப்புப் புத்தகம். என்னிடம் இரண்டு பயிற்சிப் புத்தகங்கள் உண்டு, பச்சை சுலபம், சிவப்பு கஷ்டம். போன மாதம் மிதுனா கேட்டாள், எட்டு வயது, முன்பல் இரண்டும் பெரிது, “மிஸ், செகப்பு ஏன் பசங்களுக்கு மட்டும் தர்றீங்க?” நான் அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று சொல்லிக்கொண்டே அறையைப் பார்த்தேன். அன்றைக்கு வந்திருந்தவர்களில் சிவப்பு ஆறு பையன்கள் கையில் இருந்தது. பச்சை ஐந்து பெண்கள் கையில், இரண்டு சின்னப் பையன்கள் கையில். யாரும் எனக்குச் சொல்லவில்லை, சட்டம் போடவில்லை, மூக்கைத் துடைத்த இதே கையால் நானே பிரித்துக் கொடுத்திருக்கிறேன். பையனிடம் அடிச்சு ஆடுடா என்பேன், பெண்ணிடம் பார்த்து ஆடு கண்ணு என்பேன். பார்த்து, பத்திரமா, ட்ரா வந்தா விட்டுராதே. மிதுனா அன்றைக்கு என்னைக் கேட்காமல் ஒரு சிவப்புப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள், அடுத்த வாரம் அத்தனையும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள், நாற்பதில் மூன்றுதான் தப்பு. நான் என்ன செய்தேன்? கேக்காம எடுக்கலாமா என்று திட்டினேன். அவள் சாரி மிஸ் என்றாள். எனக்கு மிக நன்றாகத் தெரிந்த குரலில் சொன்னாள். சென்னியப்பன் மேல் நான் என்ன கோபப்படுவது, அவர் நீட்டியதும் பச்சைப் புத்தகம்தான். நல்ல மனசோடு நீட்டியது. நானும் நல்ல மனசோடுதான் நீட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. காது மடல் வரைக்கும் சுடுகிறது.

பதினோரு நிமிடம். நடுவர் நவநீதன் வந்து பலகையைப் பார்க்கிறார், மேசையில் கிடக்கிற ஸ்கோர் ஷீட்டைப் பார்க்கிறார், என் பக்கம் புருவத்தை உயர்த்துகிறார். முடிஞ்சுதுங்களா என்று அர்த்தம். இல்லை என்று தலையாட்டுகிறேன். அட, அதுவே கஷ்டமாக இல்லை. அவர் போய்விட்டார், உலகம் ஒன்றும் கவிழவில்லை. தோற்றால் என்ன ஆகும், நேராகவே பார்த்துவிடலாமே. சென்னியப்பன் சொல்வார், நாந்தான் அப்பவே ட்ரா கேட்டனே அம்மிணி. அது ஒரு அடி. மண்டபத்தில் நாலு பேர் சிரிப்பார்கள், சட்டுனு பாஞ்சுட்டா பாரு என்று. இரண்டு. இவர் தோத்தா என்ன விடு என்பார், பரோட்டா வாங்கி வருவார். மூன்று, நாலு. குளிக்கும்போது அழுகை. எண்ணிப் பார்த்தால் எல்லாமே நான் ஏற்கெனவே பட்டவைதான், புதிதாக ஒன்றுகூட இல்லை. படாதது ஒன்றே ஒன்றுதான், கடைசி வரை ஆடிப் பார்ப்பது. நாற்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் எதற்குப் பத்திரமாக இருக்கிறேன், யாருக்காக? பயம் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், ஆட வேண்டியது கைதானே. வலது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்கிறேன். மரத்துப் போயிருக்கிறது, உதறுகிறேன். ராஜாவை எடுத்து ஒரு கட்டம் இடது பக்கம் வைக்கிறேன். கடிகாரத்தை அழுத்துகிறேன். என் நேரம் நிற்கிறது, அவர் நேரம் ஓட ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான், ட்ரா செத்துவிட்டது.

அவர் வரவில்லை. அவர் கடிகாரம் ஆறு நிமிடம் ஓடிவிட்டது. எழுந்து போய்க் கூப்பிடலாமா என்று பாழாய்ப்போன மனசு கேட்கிறது, பாவம் வயசானவர் என்கிறது. உட்காருடி என்கிறேன். கடைசியில் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே வருகிறார், நின்றவாறே கையை நீட்டுகிறார் ஸ்கோர் ஷீட்டை எடுக்க. கையெழுத்து இல்லை. பலகையைப் பார்க்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார்.

“என்ன அம்மிணி, ட்ரா கேட்டனே?”

“கேட்டீங்க.”

“அப்புறம்?”

“வேண்டாமுங்க.”

வந்துவிட்டது. ரசமாகாமல் வந்துவிட்டது. இதைச் சொல்லவா இத்தனை வருடம். சத்தம்கூடக் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்திருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். சென்னியப்பன் நாற்காலியை இழுத்து உட்காருகிறார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுக்கிறார், இந்த மூன்று மணி நேரத்தில் அதை அவர் போட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை. விரலை மேசைக்குக் கீழே வைத்து எண்ணுகிறார், உதடு அசைகிறது. நானும் சும்மா இருக்க முடியாமல் எண்ணுகிறேன். அவருக்கு ஒன்பது. எனக்கு எட்டு. எட்டா? தப்பு. மறுபடி எண்ணு. ராஜா நடப்பது நாலு, தின்பது ஒன்று, சிப்பாய் ஓடுவது மூன்று, எட்டு. ஒன்பதாக இருந்தது எப்படி எட்டாயிற்று? ஒரு மூவ் ஆடிவிட்டேன், அதனால் எட்டு, அதற்கென்ன. அப்படியானால் என் ராணிதானே முதலில் பிறக்க வேண்டும், பிறந்த கையோடு அவர் ராஜாவுக்குச் செக் வேறு, அவர் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு ஒரு படி கீழே நின்று வேடிக்கைதான் பார்க்கும். அப்படியென்றால் இத்தனை நேரம் அவர் எப்படி எனக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார்?

புரிந்துவிட்டது. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பித் தொண்டைக்கு வருகிறது, கையால் வாயைப் பொத்திக்கொள்கிறேன். எண்ணும்போதெல்லாம் முதல் மூவை அவருக்குக் கொடுத்துவிட்டு எண்ணியிருக்கிறேன்! ஆட வேண்டியது நான், ஓடியது என் கடிகாரம், எதிர் நாற்காலியில் ஆள்கூட இல்லை, டீ குடிக்கப் போய்விட்டார். நான் பாட்டுக்கு, நீங்க மொதல்ல என்று அவருக்கு ஒன்று, அப்புறம் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வீட்டில் சோறு போடுகிற மாதிரி. யாரும் கேட்கவில்லை, யாரும் அதட்டவில்லை, ஆம்பளைக்கு முதல் தட்டு என்று கை தானாகப் போட்டுவிட்டு, தனக்கு இல்லை என்று உட்கார்ந்து அழுதிருக்கிறது. இருபது நிமிடமாகப் பின்தங்கியிருந்தது என் ராஜா இல்லை.

சென்னியப்பன் நிமிர்கிறார். எண்ணி முடித்துவிட்டார், முகத்தில் தெரிகிறது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, “அம்மிணி, அந்த ட்ரா இன்னும் இருக்குதுங்களா?” என்கிறார்.

“இல்லீங்க” என்கிறேன். “உங்க மூவுங்க.”